குலமா, படலையா?

ஆபத்தான நாய்களை இனம் பார்த்துத் தடை செய்யலாமா என்னும் வினா பல நாடுகளில் எழுந்துள்ளது. பிரித்தானியா 1991ஆம் ஆண்டிலேயே பிட்புல் முதலிய நான்கு இனங்களைத் தடுத்தது. இந்திய மத்திய அரசு 2024 மார்ச்சில் 23 இனங்களைத் தடுக்குமாறு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை விடுத்தது. உரியோரைக் கலந்தாலோசிக்கவில்லையெனக் கர்நாடக உயர் நீதிமன்றம் ஏப்ரலில் அதனை இரத்துச் செய்தது. அடுத்த மாதமே சென்னை நுங்கம்பாக்கத்துப் பூங்காவொன்றில் இரண்டு ரொட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின.

அச்சிறுமியின் தாயிடம் சென்று, இனத்தின்மீது குற்றமில்லை என வாதிட எனக்கு நா எழாது. அந்நாய்களின் தாடை வலிமை பொய்யன்று. ஆயினும் இரத்தோட்டையிலிருந்து நோக்குங்கால், இனத்தடை எம்மைக் காக்குமென்று தோன்றவில்லை. தோட்டத்து லயங்களிலிருந்து பாடசாலைக்கு நடக்கும் பிள்ளைகள் அஞ்சுவது எந்தப் பட்டியலிலும் இல்லாத கலப்பு நாய்க்கு. படலை திறந்து கிடக்கும் வீட்டு நாய்க்கு. அதன் பாட்டன் எக்குலத்தவன் என்பதை எந்த நீதவான் கண்டறிவார்?

நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டம் நம் நாட்டில் 1901 முதல் உண்டு. பதியப்பெற்ற நாய்க்கு உடையவன் ஒருவன் இருப்பான், பொறுப்பும் அவனுடையதே. பிரதேச சபையார் அச்சட்டத்தைப் பங்களா முதல் லயம் வரை வேறுபாடின்றி நடைமுறைப்படுத்தட்டும். நாய் எவ்வினமாயினும், கடிபட்ட பிள்ளையின் மருந்துச் செலவை, படலையைச் சாத்தாதவனிடமே அறவிட வழி செய்யட்டும்.