கையைப் பார்க்காமல் எழுதப்படும் பதிவேடு

குரோம் முலாம் பூசும் தொழிற்சாலைகளுக்கென்று நம் தொழிற்சாலை விதிகளில் தனி அட்டவணை ஒன்று உண்டு. தொட்டியின் விளிம்பிலேயே புகையை உறிஞ்சும் ஏற்பாடு வேண்டும், ரப்பர் கையுறையும் பூட்ஸும் ஏப்ரனும் தர வேண்டும் என்று வழக்கமான கட்டளைகள் அதில் இருக்கின்றன. அவற்றோடு, எளிதில் கண்ணில் படாத இன்னொரு விதியும் இருக்கிறது. முதலாளி எழுத்துமூலம் நியமித்த பொறுப்பான ஒருவர், தொட்டியருகே வேலை செய்யும் ஒவ்வொருவரின் கைகளையும் முன்கைகளையும் வாரத்துக்கு இருமுறை பார்வையிட வேண்டும். பார்த்ததைச் சுகாதாரப் பதிவேட்டில் எழுத வேண்டும்.

அடுத்தவர் கையை எதற்கு இன்னொருவர் பார்க்க வேண்டும்? புண் வந்தால் அவரே சொல்லமாட்டாரா? சொல்லமாட்டார் என்பதுதான் இந்த விதியின் காரணம். குரோமிக் அமிலம் தோலில் ஒரு சிறு கீறல் வழியே இறங்கினால் வட்டமாக, ஆழமாக ஒரு குழிப்புண் உண்டாகும். அது பெரும்பாலும் வலிப்பதில்லை. மூக்கிலும் இதே கதைதான். மின்சாரம் பாயும்போது தொட்டியிலிருந்து எழும் குமிழிகள் வெடித்து அமிலத் துளிகளைக் காற்றில் கலக்கும். அதைச் சுவாசிப்பவரின் மூக்கின் நடுத்தண்டு மெல்ல அரித்து ஓட்டை விழும். பலருக்கு அது மருத்துவர் சொல்லித்தான் தெரியவரும். இந்த ஆறு இணைதிறன் குரோமியம் நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலக அளவில் உறுதிசெய்யப்பட்ட ஒன்று. ஆகவே வலி எச்சரிக்காத இடத்தில் இன்னொரு மனிதரின் கண் எச்சரிக்கட்டும் என்று சட்டம் நினைத்தது.

தொழிலகப் பாதுகாப்பும் சாதியும் என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வின் களம். அதற்காக மேற்கு மாவட்டங்களில் பல பிளேட்டிங் பட்டறைகளுக்குப் போய் வந்திருக்கிறேன். பதிவேடு இல்லாத பட்டறைகளை விட, பதிவேடு உள்ள பட்டறைகளே என்னை அதிகம் தொந்தரவு செய்தன. ஒரே பேனா, ஒரே கையெழுத்து, மேலிருந்து கீழ்வரை ‘நார்மல்’, ‘நார்மல்’, ‘நார்மல்’. ஓரிடத்தில் புதன்கிழமை நான் புரட்டிய பதிவேட்டில் அந்த வாரச் சனிக்கிழமைக்கான பார்வையிடலும் முடிந்திருந்தது. வெளியே தொட்டியருகே நின்றவரின் சுண்டுவிரல் ஓரத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு குழி. கேட்டதற்கு, “வலியே இல்லீங்க தம்பி, அப்புறம் எதுக்கு ஆஸ்பத்திரி?” என்றார்.

பதிவேட்டை எழுதுபவர் அலுவலக அறையில் இருக்கிறார். தொட்டியில் நிற்பவர் பெரும்பாலும் அருந்ததியராகவோ, பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த தலித், பழங்குடி இளைஞராகவோ இருக்கிறார். நான் போன பட்டறைகளில் இந்த வரிசை மாறிய இடம் அரிது. விதி கேட்பது என்ன? அலுவலக அறையில் இருப்பவர் எழுந்து வந்து, தொட்டியில் நிற்பவரின் கையைத் தன் கையில் வாங்கி, திருப்பிப் பார்க்க வேண்டும். வாரத்துக்கு இருமுறை. எளிய காரியம்தான். ஆனால் சாதிய சமூகத்தில் இதைவிடக் கடினமான காரியம் வேறென்ன இருக்கிறது? தீண்டாமை என்று யாரும் சொல்லமாட்டார்கள். நேரமில்லை என்பார்கள், அவங்களுக்கே தெரியும் என்பார்கள், பழகிப்போன கை என்பார்கள். ‘பழகிப்போன கை’ என்ற அந்தச் சொல்லைத்தான் நாம் நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும். எந்தக் கையும் அமிலத்துக்குப் பழகுவதில்லை. சிலரின் கைகள் எதற்கும் பழகும் என்று மற்றவர்கள்தாம் பழகிப்போயிருக்கிறார்கள்.

*

இரண்டாவது தாள் இன்னும் கொடியது. முலாம் தொட்டியும் கழிவுநீர்த் தொட்டியும் அவ்வப்போது சுத்தம் செய்யப்பட வேண்டும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவு, நச்சுப்புகை இருக்கக்கூடிய தொட்டிக்குள் யாரையும் சும்மா இறக்கிவிட முடியாது என்றது. உள்ளே ஆபத்தான வாயு இல்லை என்று தகுதியுள்ள ஒருவர் சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும். இல்லையென்றால் சுவாசக் கருவியும் இடுப்புப் பட்டையும் கட்டி, பட்டையின் கயிற்றை வெளியே நிற்கும் ஒருவர் பிடித்திருக்க வேண்டும்.

ஒரு தாள் அல்லது ஒரு கயிறு. இரண்டுமே இல்லாமல் செத்தவர்கள் எத்தனை பேர்! தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுத் தொட்டிகளில் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு, ஓரளவுக்கு மேல் போனால் மூக்கின் உணர்வையே கொன்றுவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும் நேரத்தில் மனிதர் விழுவார். அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். முலாம் பட்டறையில் சயனைடு கரைசலின் மிச்சமும் அமிலத்தின் மிச்சமும் ஒரே வாய்க்காலில் கலந்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயு. சான்று எழுதுவதற்கு முன் சோதிக்க வேண்டும், சோதிக்க ஒரு கருவி வேண்டும், கருவிக்குப் பணம் வேண்டும். மனிதரை இறக்குவது மலிவு.

இந்தத் தொட்டிக்குள் இறங்குபவரை எங்கிருந்து அழைத்து வருகிறார்கள் என்று பாருங்கள். முலாம் பூசும் வேலை தெரிந்தவரை அல்ல. ஊரில் சாக்கடை அடைத்தால் யாரைக் கூப்பிடுவார்களோ அவரைத்தான் இங்கும் கூப்பிடுகிறார்கள். மலக்குழி மரணங்களில் நாம் பார்த்த அதே சாதிக்கணக்கு தொழிற்சாலைச் சுவருக்குள்ளும் வேலை செய்கிறது. 2013இல் மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் சாக்கடை மரணங்களுக்குப் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு என்றது. 2023இல் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. இடையில், 2021இல் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் மலம் அள்ளுவதால் யாரும் சாகவில்லை என்றது. செத்தவர்கள் எல்லாம் ‘ஆபத்தான முறையில் சாக்கடை சுத்தம் செய்தவர்கள்’ என்ற வேறு தலைப்புக்குப் போய்விட்டார்கள். தலைப்பை மாற்றினால் பிணத்தை மறைக்கலாம். தாளின் அதிகாரம் அது.

2015 ஜனவரி 31 விடியற்காலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச்சேற்றுத் தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் உட்படப் பத்துப் பேர் அந்தச் சேற்றில் மூச்சுத்திணறி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அந்தத் தொட்டியே முறையான அனுமதியின்றிக் கட்டப்பட்டது என்பது பிறகுதான் வெளியே வந்தது. அனுமதிக்கு விண்ணப்பித்திருந்தால் யாராவது ஒரு பொறியாளர் அந்தச் சுவரின் கனத்தைக் கேட்டிருக்க வேண்டியிருக்கும். ஒரு தாள் இல்லாமல் போனதன் எடை அவ்வளவு.

*

மூன்றாவது தாள், இவர் இங்கே வேலை செய்தார் என்பதற்கான தாள். குரோமியத்தால் வரும் நோய்கள் தொழிலாளர் இழப்பீட்டுக்கான சட்டப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் இழப்பீடு கேட்பவர் அந்த முதலாளியிடம் தொடர்ந்து ஆறு மாதமாவது வேலை செய்திருக்க வேண்டும். காண்ட்ராக்டரின் நோட்டில் ஐந்தாம் மாதம் பெயர் மறைந்து, ஒரு வாரம் கழித்து இன்னொரு காண்ட்ராக்டரின் நோட்டில் முளைக்கும். ஆள் அதே ஆள். தொட்டி அதே தொட்டி. தாளில் மட்டும் அவர் எங்கும் ஆறு மாதம் இருந்ததில்லை. மூக்கில் ஓட்டையோடு ஊர் திரும்புபவரிடம் எந்த அதிகாரியும் முதலில் கேட்பது நோயைப் பற்றி அல்ல, ‘ஆதாரம் என்ன?’ என்றுதான்.

இதைப் படிக்கும் தோழர்கள் சிலர் கேட்கக்கூடும்: தாளும் பதிவேடும் ஆளும் வர்க்கத்தின் கருவிதானே? ஐஎஸ்ஓ சான்றிதழ் மாட்டிய பட்டறையில்தானே ஆட்கள் சாகிறார்கள்? இந்தச் சந்தேகம் நியாயமானது. ஏற்றுமதி நிறுவனத்தின் ஆடிட்டர் வரும் நாளில் புதுக் கையுறை பெட்டியிலிருந்து வெளியே வருவதையும், அவர் கார் கிளம்பியதும் மீண்டும் பெட்டிக்குள் போவதையும் எனக்குத் தொழிலாளர்களே சிரித்தபடி சொல்லியிருக்கிறார்கள்.

ஆனாலும் பதிவேட்டைக் கைவிடுவது இதற்கு விடையாகாது. நம் மக்களை எழுத்திலிருந்து விலக்கி வைத்துத்தான் நிலத்தைப் பிடுங்கினார்கள், கூலியைக் குறைத்தார்கள், வரலாற்றையே இல்லையென்றார்கள். பட்டா ஒரு தாள்தான். சாதிச் சான்றிதழும் ஒரு தாள்தான். அவற்றுக்காக நம் பெற்றோர் தாலுகா அலுவலக வாசலில் எத்தனை நாள் நின்றார்கள் என்பது நமக்குத் தெரியும். பாதுகாப்புப் பதிவேடும் அந்த வரிசையில் வைக்க வேண்டிய ஒன்று. அது முதலாளியின் அலமாரியில் இருக்கும்வரை பொய் சொல்லும். தொழிலாளியின் கைக்கு வந்தால் சாட்சி சொல்லும்.

அந்த உரிமை நமக்குப் புதிதாக யாரும் தர வேண்டியதில்லை. வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் பொறுப்பு வகித்த அண்ணல் அம்பேத்கர்தான் 1946இல் வார வேலைநேரத்தை 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைக்கும் திருத்தத்தைக் கொண்டுவந்தார். 1948 சட்டம் நிறைவேறியபோது தொழிலாளர் அமைச்சர் பாபு ஜெகஜீவன் ராம். போபாலில் 1984இல் நடந்த படுகொலைக்குப் பிறகு, 1987இல் அந்தச் சட்டத்தில் ஆபத்தான தொழில்களுக்கென்று தனி அத்தியாயம் சேர்க்கப்பட்டது. தோல் பதனிடுதலும் மின்முலாம் பூசுதலும் அந்தத் தொழில்களின் பட்டியலில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டவை. எந்த ரசாயனம் என்ன செய்யும் என்பதைத் தொழிலாளிக்கும் சுற்றியுள்ள மக்களுக்கும் சொல்ல வேண்டும். உடல்நலப் பதிவுகளை வைத்திருக்க வேண்டும், அவற்றைத் தொழிலாளி பார்க்க முடிய வேண்டும். இவையெல்லாம் போபாலின் பிணங்கள் மேல் எழுதப்பட்ட வரிகள்.

2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிநிலைமைகள் சட்டத்தொகுப்பு வந்திருக்கிறது. ஆபத்தான தொழில்களுக்கான இந்த உரிமைகள் அதிலும் இருக்கின்றன. எல்லோருக்கும் பணி நியமனக் கடிதம் தர வேண்டும் என்ற நல்ல விதியும் இருக்கிறது. ஆனால் மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் பத்துப் பேர் இருந்தால் ‘தொழிற்சாலை’ என்றிருந்தது இப்போது இருபது பேர் ஆகிவிட்டது. ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் இருபது பேருக்குப் பொருந்தியது ஐம்பது பேர் என்றாகிவிட்டது. முலாம் பட்டறைகளில் பெரும்பாலானவை எட்டுப் பேர், பன்னிரண்டு பேர் வேலை செய்யும் இடங்கள். அமிலம் ஆட்களை எண்ணிப் பார்த்து அரிப்பதில்லை. ஆபத்தான வேலை நடக்கும் இடமென்றால் ஆள் எண்ணிக்கை பாராமல் அரசு அறிவிக்கலாம் என்ற வழி அந்தத் தொகுப்பிலேயே இருக்கிறது. அந்த அறிவிப்பில் முலாம் பூசும் பட்டறைகளும் தோல் ஆலைகளும் இருக்க வேண்டும் என்று கேட்பது நம் இயக்கங்களின் உடனடிக் கோரிக்கையாக வேண்டும்.

சிறு பட்டறை முதலாளிகள் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று பெரிய நிறுவனம் நெருக்கும்போது புகை உறிஞ்சும் இயந்திரத்துக்குப் பணம் எங்கே என்கிறார்கள். அப்படியானால் பொறுப்பு மேலே போக வேண்டுமே தவிரக் கீழே இறங்கக் கூடாது. பளபளக்கும் பாகத்தை வாங்கும் நிறுவனம், அதை முக்கியெடுத்தவரின் கைப்பதிவேட்டுக்கும் பதில் சொல்லட்டும்.

நாம் செய்யக்கூடியவை சில உண்டு. குரோம் புண் சட்டப்படி அறிவிக்க வேண்டிய நோய். ஆலை நிர்வாகி மட்டுமல்ல, பார்த்த மருத்துவரும் அறிவிக்க வேண்டும். உங்கள் மாவட்டத்தில் கடந்த பத்தாண்டுகளில் அப்படி எத்தனை அறிவிப்புகள் வந்தன என்று தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். ‘ஒன்றுமில்லை’ என்று பதில் வந்தால், அதுவே நம் போராட்டத்தின் முதல் ஆவணம். டப்பாவில் ஒட்டியிருக்கும் ஆங்கில எச்சரிக்கையைத் தமிழிலும் இந்தியிலும் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். இரவுப்பாடசாலையும் படிப்பு வட்டமும் நடத்தும் தோழர்கள், ஒரு வாரம் கோட்பாட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, தொழிலாளர்களோடு உட்கார்ந்து அவரவர் வேலைநாளை அவரவர் நோட்டில் தேதியிட்டு எழுதப் பழக்குங்கள். எந்தத் தொட்டி, என்ன வேலை, யார் காண்ட்ராக்டர், உடம்பில் என்ன மாற்றம் என்று. காண்ட்ராக்டர் பெயரை மாற்றினாலும் அந்த நோட்டு மாறாது.

அதோடு, ஒருவர் கையை இன்னொருவர் பார்க்கட்டும். மேலதிகாரி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வாரம் இருமுறை, ஷிப்ட் முடிந்து கைகழுவும் குழாயடியில், பக்கத்தில் நிற்பவரின் கையை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தேதியோடு எழுதுங்கள். அந்த எழுத்தில் ‘நார்மல்’ என்றிருந்தால் அது உண்மையாகவே நார்மலாக இருக்கும்.