‘ஸா அ எத்தே?’ பிழையன்று

சென்ற வாரம் பிரெஞ்சு முதுகலை மாணவி ஒருவர் தம் வாய்மொழித் தேர்வின் மதிப்பீட்டுக் குறிப்பைக் காட்டினார். கொடுக்கப்பட்ட சூழல் உணவகம். அவருக்குப் பரிமாறுபவர் வேடம். உண்டு முடித்தவரின் தட்டை எடுக்கும்போது ‘ஸா அ எத்தே?’ என்று கேட்டிருக்கிறார். ‘கொச்சை, மரியாதைக் குறைவு’ என்று எழுதி இரண்டு மதிப்பெண்களைக் கழித்திருக்கிறார்கள். ‘எஸ் கெ து ஏ சதிஸ்ஃபஸாங், மெஸ்யே?’ என்று கேட்டிருக்க வேண்டுமாம். அந்த இரண்டு மதிப்பெண்களில் அவருடைய முதல் வகுப்பு கைநழுவியது.

தேர்வாளர் யாரென அறியேன். அறிய விருப்பமும் இல்லை. அத்திருத்தத்தின் பின்னுள்ள மொழிப்பார்வையோடுதான் என் வழக்கு.

முதலில் ‘கொச்சை’. ‘ஸா வா?’ என்னும் நலவினாவுக்குப் பேச்சில் வழங்கும் இறந்தகால வடிவம் ‘ஸா அ எத்தே?’. ‘செல்’ வினையின் இடத்தை ‘இரு’ வினையின் வடிவம் நிரப்புகிறது, குறை அவ்வளவே. அப்படியானால் பாடநூலிலுள்ள ‘வே’, ‘இரே’, ‘அலோன்’ ஆகியவற்றை என்ன செய்வது? ஒரே வினையின் வாய்பாட்டில் மூன்று வேர்கள்! முதலது இலத்தீன் ‘வாதெரெ’, அடுத்தது ‘ஈரெ’. மூன்றாவதன் பிறப்பைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. அச்சேறிய கலப்பு இலக்கணம், வாயில் வழங்கும் கலப்பு கொச்சை என்பது மொழியியல் அன்று.

அடுத்தது மரியாதை. இங்குதான் எனக்குச் சினம் மிகுகிறது. ‘ஸா அ எத்தே?’ என்பதில் ‘து’வும் இல்லை, ‘வு’வும் இல்லை. முன்னிலையைத் தொடாமலே வினவும் அமைப்பு அது. நாம் ‘சாப்பிட்டாச்சா?’ என்று கேட்கும்போதும் ‘நீ’யா ‘நீங்க’ளா என்ற தேர்வைத் தவிர்த்துவிடுகிறோமே, அது மரியாதைக் குறைவா? பிரவுனும் லெவின்சனும் தம் பணிவுக் கோட்பாட்டுக்கு எடுத்துக்கொண்ட மூன்று மொழிகளுள் தமிழும் ஒன்று. தரவு கோயம்புத்தூர் மாவட்டச் சிற்றூர் ஒன்றிலிருந்து திரட்டப்பட்டது. அவர்களின் 1987ஆம் ஆண்டு நூலைப் பாடமாக வைத்திருக்கும் பல்கலைக்கழகங்களில், ஆள் சுட்டாமையும் ஒரு பணிவு உத்தி என்பது மொழித்துறைத் தேர்வறைக்குள் மட்டும் நுழைவதில்லை.

காலத்தையும் கவனியுங்கள். உண்ணும்போது ‘து ஸ பாஸ் பியாங்?’ என நிகழ்காலம். உண்டபின் ‘ஸா அ எத்தே?’ என இறந்தகாலம். மாணவி தட்டை எடுத்துக்கொண்டே கேட்டார். தேர்வாளரின் ‘திருத்தம்’ காலிக் கோப்பைகளுக்கு முன்னின்று ‘எல்லாம் திருப்திகரமாக உள்ளதா?’ என்று ஆய்வாளர்போல் வினவுகிறது. அது ஆங்கில உணவக வினாவின் நிழல். மேலும் ‘சதிஸ்ஃபஸாங்’ பிரெஞ்சுப் பள்ளி அறிக்கைகளில் ‘பரவாயில்லை’ என்ற அளவில் புழங்கும் சொல். சமைத்தவரைப் பற்றி அதைச் சொல்லிப் பாருங்கள்.

வெள்ளை விரிப்பிட்ட ஆடம்பர உணவகத்தில் ‘ஸலா வு அ த்தில் ப்ளூ?’ போன்ற விரிவான வினா பொருந்தும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் கேள்வித்தாளில் இருந்தது ‘ஒரு சிறிய உணவகம்’.

மலினோவ்ஸ்கி 1923இலேயே சுட்டிக்காட்டிய உறவுப்பேச்சு இது. விடையைவிடக் கேட்பதே முக்கியம். அதைத் தகவல் வினாவாக மட்டுமே கற்பித்துவிட்டு, நம் மாணவர்கள் பாரிசில் வாய்திறக்கத் தயங்குகிறார்கள் என்று கருத்தரங்குகளில் வருந்துகிறோம்.

அம்மாணவி மறுமதிப்பீடு கேட்க அஞ்சுகிறார். அடுத்த பருவத்திலும் அதே துறை, அதே ஆசிரியர்கள். விண்ணப்பத்தின் இலக்கணப் பகுதியை நான் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். பிரெஞ்சுத் துறை நண்பர்கள் எவரேனும் உடன் கையொப்பமிடுவீர்களா?