"நல்லா கேளு, கேட்கும்"னு சொன்னாங்க

மூணாவது வருஷம் ஹாஸ்டல் ரூம்ல உட்கார்ந்து ஒரு கிட்டார் கம்ப்ரெஸர் பெடல் செய்தேன். 1970களில் டான் ஆர்ம்ஸ்ட்ராங் பெயரில் வந்த 'ஆரஞ்சு ஸ்க்வீசர்' சர்க்யூட். ஒரு ஆப்-ஆம்ப், ரெண்டு ஜெஃபெட், ஒரு டையோடு, கொஞ்சம் சில்லறை, 9 வோல்ட் பேட்டரி. ஆன் பண்ணினா சவுண்டு கூடுச்சு. வேற எந்த வித்தியாசமும் தெரியல.

ரூம்மேட், "வேலையே செய்யலடா" என்றான். பேண்டில் வாசிக்கிற சீனியர் அண்ணன், "கம்ப்ரெஸர்னா அப்படித்தான் தம்பி, நல்லா கேளு, கேட்கும்" என்றார். முதலில் ரூம்மேட்டை நம்பி ஆப்-ஆம்பை மாத்தினேன், டையோடை மாத்தினேன். சால்டரிங் சூட்டில் போர்டில் ஒரு பேடே பெயர்ந்து வந்தது. அப்புறம் அண்ணனை நம்பி, கேட்கிற மாதிரி நானே கற்பனை பண்ணிக்கிட்டேன்.

அண்ணன் சொன்னதில் பாதி உண்மை. கம்ப்ரெஸர் டிஸ்டார்ஷன் மாதிரி முகத்தில் அறையாது. பலமா அடிச்ச நோட்டை அமுக்கும், மெதுவா மீட்டினதைத் தூக்கும். ஏற்கெனவே ஆம்ப்பில் டிஸ்டார்ஷன் ஏத்தி வச்சிருந்தா அதுவே சிக்னலை அமுக்கிடும். பெடல் செய்யறது தனியாத் தெரியாது. காதும் ஏமாத்தும்: சவுண்டு கொஞ்சம் கூடினாலே "நல்லா இருக்கு"ன்னு சொல்லிடும். ஆன், ஆஃப் ரெண்டிலும் சவுண்டைச் சமமா வச்சுத்தான் ஒப்பிடணும்.

ஆனா "சப்டில்"ங்கிற வார்த்தைக்குப் பின்னாடி வேலை செய்யாத சர்க்யூட்டும் ஒளிஞ்சுக்கலாம். கெஞ்சிக் கூத்தாடி லேப்பில் அரை மணி நேரம் வாங்கினேன். 1 கிலோஹெர்ட்ஸ் சைன் வேவ். 20 மில்லிவோல்ட் உள்ளே, சி.ஆர்.ஓ.வில் 280 வெளியே. 200 உள்ளே, 2.8 வோல்ட் வெளியே. இன்புட் பத்து மடங்கு ஏறினா அவுட்புட்டும் அச்சு அசலா பத்து மடங்கு! கம்ப்ரெஸர்னா அதைவிடக் குறைவாத்தானே ஏறணும்? நான் செஞ்சிருந்தது வெறும் பூஸ்டர்.

காரணம் ஜெஃபெட். இந்தச் சர்க்யூட்டில் அது வோல்டேஜால் மாறும் ரெசிஸ்டர். அவுட்புட் கூடும்போது டையோடு வழியா வரும் வோல்டேஜ் அதைத் திறந்துவிடும், சிக்னலில் ஒரு பங்கு கிரவுண்டுக்குப் போயிடும். 2என்5457 டேட்டாஷீட்டைப் பாருங்க: அது முழுசா அணையிற கேட் வோல்டேஜ் மைனஸ் 0.5லிருந்து மைனஸ் 6 வரை எங்க வேணாலும் இருக்கலாம். ஒரே பாக்கெட்டில் வாங்கின ரெண்டு பீஸ் ஒத்துப்போகும்னு சொல்ல முடியாது. அதுக்காகத்தான் பயாஸ் டிரிம்பாட். நான் அதை நடுவில் வச்சுட்டு மறந்தே போயிட்டேன். என் ஜெஃபெட் எப்பவும் அணைஞ்சே கிடந்திருக்கு. ஸ்க்ரூடிரைவரால் மெல்லத் திருப்பினேன். 20க்கு 240 மில்லிவோல்ட், 200க்கு வெறும் 700. ஒரு பார்ட்டும் மாத்தல.

லேப்பில் நாம என்ன செய்யறோம்? மாடல் கிராஃபை முதல்ல வரைஞ்சுட்டு ரீடிங்கை அதுக்கேத்த மாதிரி எழுதறோம். சொந்தமா செஞ்சது சொதப்பும்போதுதான் சி.ஆர்.ஓ. உண்மையிலேயே தேவைப்படுது. அப்போ மணி நாலரை தாண்டியிருக்கும், லேப் பூட்டியிருக்கும். வாரத்தில் ரெண்டு நாள் சாயங்காலம், ஒரு சி.ஆர்.ஓ., ஒரு சிக்னல் ஜெனரேட்டர் மட்டும் திறந்து வைக்கச் சொல்லி எச்.ஓ.டி.க்கு லெட்டர் எழுதியிருக்கேன். இதுவரை பதினோரு பேர் கையெழுத்துப் போட்டாச்சு. ரூம்மேட்டும் அதில் ஒருத்தன்.