வாசலுக்கு வாட்டம் வேண்டும்

(இறுதியாண்டு மாணவன், பொருளியல் துறை)

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்’ என்பது நம் நாட்டுப் பழமொழி. இவ்விரண்டையும் செய்து முடித்த என் தந்தையார் மூன்றாவதாக ஒன்றையும் செய்து பார்த்தார். வீட்டு வாசலுக்குச் சிமெண்டுத் தளம் போட்டுப் பார்த்தார்! அதனால் எங்கள் குடும்பம் பட்ட பாட்டையும், அதிலிருந்து நான் கற்றுக்கொண்ட பாடத்தையும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். ‘ஆண்டு மலரில் எழுத வேறு பொருளே கிடைக்கவில்லையா?’ என்று நண்பர்கள் கேட்கலாம். நிலவையும் காதலையும் பாட நம் கல்லூரியில் கவிஞர்கள் பலர் உண்டு. வாசலைப் பற்றி எழுத நான் ஒருவனாவது இருந்துவிட்டுப் போகிறேன்.

என் ஊர் வல்லக்கோட்டை. திருப்பெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே, முருகன் கோயிலால் பெயர் பெற்ற ஊர். ஏரியும் நெல்லுமாக இருந்த எங்கள் வட்டாரம் இன்று தொழிற்சாலைகளின் வட்டாரம். 2010ஆம் ஆண்டில் ஒரகடத்தில் ரெனோ நிசான் கார்த் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அடுத்தடுத்து லாரி செய்யும் ஆலையும் மோட்டார் சைக்கிள் செய்யும் ஆலையும் வந்தன. வேலைக்கு வந்தவர்களுக்கு வீடு வேண்டும்; அவர்கள் வண்டிகளுக்கு இடம் வேண்டும். கிருத்திகை நாள்களில் கோயிலுக்கு வருகிறவர்களின் கார்களுக்கும் இடம் வேண்டும். ஆகவே, மண் வாசல்கள் ஒவ்வொன்றாகச் சிமெண்டு வாசல்களாக மாறிவிட்டன.

எங்கள் வீட்டிலும் மாடியில் இரண்டு அறைகள் கட்டி வாடகைக்கு விட்டோம். மழைக்காலத்தில் வாசல் சேறாகிவிடும். ஒருநாள் பாட்டி அதில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டுப் படுத்தார். அன்றே அப்பா முடிவு செய்துவிட்டார். சீட்டு எடுத்த பணம் முழுவதும் வாசலுக்குப் போயிற்று. இருபதடி நீளம், பதினைந்தடி அகலம். வேலியோரம் முதல் வேப்பமரத்தின் அடி வரை ஓரங்குலம் மண் தெரியாமல் தளம் போட்டாயிற்று. பார்ப்பதற்கு மொழுமொழுவென்று அழகாகத்தான் இருந்தது. அம்மா அன்று போட்ட கோலம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஆனால், அந்த அழகு எத்தனை நாள்? சித்திரையில் போட்ட தளம் ஆடியில் விரிந்தது. தெருக்கதவில் தொடங்கிய விரிசல் துளசி மாடம் வரை ஓடிற்று. ஐப்பசியில் அடைமழை பிடித்தபோது இன்னொரு குறையும் வெளிப்பட்டது. எங்கள் வாசலில் விழுந்த மழையெல்லாம் எதிர்வீட்டுக்குள் பாய்ந்தது. அங்கே பெரியம்மா ஒருவர் தனியாக இருக்கிறார்; பழைய ஓட்டு வீடு, தாழ்ந்த மனை. அவருடைய அரிசி மூட்டை நனைந்துவிட்டது. “உங்க வீட்டு வாசல் காயறதுக்கு என் வீடு நனையணுமா?” என்று அவர் கேட்டார். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “என் மனையிலே நான் என்ன வேணா செய்வேன், அண்ணி” என்றார். அந்த ஆண்டுப் பொங்கலுக்கு இரண்டு வீட்டுக்கும் இடையே கரும்பும் போகவில்லை; பேச்சும் போகவில்லை.

நான் யோசித்தேன். அப்பா சொன்னது நியாயமா? பெரியம்மா கேட்டது நியாயமா? தளம் ஏன் விரிந்தது? தண்ணீர் ஏன் அங்கே போயிற்று? கொத்தனார்களைக் கேட்டேன், கட்டடத் தொழில் படித்த நண்பர்களைக் கேட்டேன், நூலகத்தில் தேடினேன். தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

விரிசல் ஏன் வந்தது?

முதல் தவறு, மண்ணைக் கெட்டிப்படுத்தாதது. எங்கள் மனை பழைய நஞ்சை நிலம். களிமண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். மேல்மண்ணை வெட்டி எடுத்துவிட்டு, கிராவல் கொட்டி, நனைத்து, திமிசுக் கட்டையால் நன்றாக இடித்த பிறகே தளம் போட வேண்டும். நாங்கள் இருந்த மண்ணின்மேலேயே கலவையைக் கொட்டிவிட்டோம்.

இரண்டாவது தவறு, தண்ணீரை வேண்டாத நேரத்தில் ஊற்றி, வேண்டிய நேரத்தில் ஊற்றாதது. 50 கிலோ சிமெண்டு மூட்டை ஒன்றுக்கு 25 லிட்டர் தண்ணீர் ஏறத்தாழப் போதும். கலவை இழுக்க எளிதாக இருக்கட்டும் என்று குழாயைத் திறந்து விட்டால் தளத்தின் வலு குறைந்துவிடும். 1918ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் டஃப் ஆப்ராம்ஸ் என்பவர் சோதனைகளின் வாயிலாக இதை விளக்கியிருக்கிறார். இன்னொரு உண்மையும் உண்டு. சிமெண்டு ‘காய்ந்து’ இறுகுகிறது என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். அது தவறு. சிமெண்டு தண்ணீரோடு வேதிமாற்றம் அடைந்து இறுகுகிறது. ஆகவே, போட்ட பிறகு அது தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். குறைந்தது ஏழு நாள், சாம்பல் கலந்த சிமெண்டாக இருந்தால் பத்து நாள் ஈரமாக வைக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய விதி கூறுகிறது. பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தலாம். ஈரச் சாக்கையோ வைக்கோலையோ பரப்பி நனைக்கலாம். நாங்கள் சித்திரை வெயிலில் இரண்டு நாள் தெளித்தோம். மூன்றாம் நாள் மோட்டார் சைக்கிள்களை ஏற்றிவிட்டோம்!

மூன்றாவது தவறு, தளத்தை ஒரே பாளமாக விட்டது. கான்கிரீட் சுருங்கியே தீரும். எங்கே விரிய வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால் அது தன் இஷ்டத்துக்கு விரியும். நான்கங்குலத் தளமானால், எட்டு முதல் பத்தடிக்கு ஒரு வெட்டு, ஓரங்குல ஆழத்தில் விட வேண்டும். எங்கள் வாசலுக்குக் குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று என இரண்டு வெட்டுப் போதும், இரண்டு கோடுகள்! அதற்கு ஒரு காசும் அதிகம் ஆகியிராது.

நீர் எங்கே போக வேண்டும்?

இனி, முக்கியமான கேள்விக்கு வருகிறேன். வாட்டம் என்றால் சோர்வு என்று அகராதி சொல்லும். கொத்தனார் மொழியில் வாட்டம் என்றால் சரிவு. அடிக்குக் கால் அங்குலம், குறைந்தது அரைக்கால் அங்குலம் வாட்டம் இருந்தால் தளத்தில் தண்ணீர் தேங்காது. வீட்டுச் சுவரிலிருந்து விலகிப் போக வேண்டும் என்பதும் தெரியும். ஆனால், எதை நோக்கிப் போக வேண்டும்? ‘தெருவுக்கு விட்டுவிடு’ என்பதே எல்லாரும் சொல்லும் பதில். தெருவுக்கு விட்டது எதிர்வீட்டுக்குப் போகும். எதிர்வீடும் தளம் போட்டு உயர்த்திக்கொண்டால் அதற்கடுத்த தாழ்ந்த வீட்டுக்குப் போகும். கடைசியில், உயர்த்திக்கொள்ளப் பணமில்லாத வீட்டில் போய் நிற்கும். இது நியாயமாகுமா?

பொருளியல் மாணவன் என்ற முறையில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் வாசல் 300 சதுர அடி. அதாவது 28 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். எங்கள் பக்கம் ஆண்டுக்கு 1,200 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. எனவே, எங்கள் வாசலில் மட்டும் ஆண்டுக்கு 33,600 லிட்டர் விழுகிறது. 12,000 லிட்டர் லாரியில் ஏறக்குறைய மூன்று லாரி! அவ்வளவும் மண்ணுக்குள் இறங்கிவிடாது. ஆவியாவதும் ஓடுவதும் போக ஒரு பங்குதான் இறங்கும். ஆனால், அந்த ஒரு பங்கையும் அல்லவா நாம் மூடிவிட்டோம்! மழையில் தெருவுக்குத் துரத்திய தண்ணீரைக் கோடையில் காசு கொடுத்து லாரியில் வாங்குகிறோம். 2015ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாற்று வெள்ளத்தைக் கண்டோம். நான்கே ஆண்டுகளில், 2019இல், செம்பரம்பாக்கம் ஏரி வறண்டதையும் கண்டோம். இரண்டுக்கும் வாசல்கள் மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால், நமக்குப் பங்கே இல்லை என்றும் சொல்லமாட்டேன்.

‘ஆலைகள் ஏக்கர் ஏக்கராகத் தளம் போடுகின்றன. உன் வீட்டு 300 சதுர அடி எம்மாத்திரம்?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆலைகளும் தங்கள் எல்லைக்குள் நீரைத் தேக்கத்தான் வேண்டும். ஆனால், அந்த அளவு வாசலோடு ஒரு தெருவில் நாற்பது வீடுகள் இருந்தால் 12,000 சதுர அடி. கால் ஏக்கருக்கும் மேல். 100 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஒரே நாளில் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் அந்தத் தெருவில் ஓடும். பிறரைக் கேட்பதற்கு முன் நம் வீட்டைச் சரிசெய்துவிட்டால் கேட்பதற்கும் ஒரு வலு உண்டாகும்.

2003ஆம் ஆண்டில் தமிழகம் எங்கும் கட்டடங்களுக்கு மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. கூரைக்குக் குழாய் வைத்தோம், வாசலை மறந்தோம். இங்கிலாந்தில் 2008ஆம் ஆண்டு அக்டோபர் முதல் ஒரு விதி இருக்கிறது. வீட்டு முன்புறத்தில் ஐந்து சதுர மீட்டருக்கு மேல் நீர் இறங்காத தளம் போட்டு, அதன் நீரைத் தன் மண்ணிலேயே வடிய விடாதவர் அனுமதி பெற வேண்டும். மழை குறைந்த தேசமா அது? மழைக்குப் பெயர் போன தேசம்!

நாங்கள் செய்தது

சிமெண்டே வேண்டாம் என்பது என் கட்சி அன்று. பாட்டி சேற்றில் விழுந்ததை நான் மறக்கவில்லை. வேண்டிய இடத்தில் போடுவோம். வேண்டாத இடத்தை விடுவோம் என்பதே என் கருத்து. காருக்கு வேண்டியது இரண்டு சக்கரத் தடம்; தடத்துக்கு இரண்டடி அகலம் போதும். நடுவே புல்லோ கூழாங்கல்லோ இருக்கட்டும். நடப்பதற்கு ஒரு பாதை, கோலத்துக்கு ஒரு சதுரம் போதாதா?

பல இரவுகள் அப்பாவோடு பேசினேன். முதலில், “படிச்சவன் பேச்சு பேசாதே” என்றார். பிறகு ஒருநாள் அவரே கடப்பாரையை எடுத்தார். தெருவோரம் மூன்றடி அகலத்துக்குத் தளத்தை உடைத்தோம். வேப்பமரத்தைச் சுற்றியும் மூன்றடி திறந்தோம். தெருவோரத்தில் பள்ளம் எடுத்து, உடைந்த செங்கல்லும் ஜல்லியும் மேலே மணலும் நிரப்பினோம். விரிந்த பகுதியை எடுத்துவிட்டு, அந்தப் பள்ளத்தை நோக்கி வாட்டம் வைத்து மறுபடியும் போட்டோம். இம்முறை பத்து நாள் ஈரச் சாக்கைப் போட்டு வைத்தோம். அடுத்த ஐப்பசியில் பெருமழையின்போது கொஞ்சம் தண்ணீர் தெருவுக்கு வழிந்தது உண்மை. ஆனால், எதிர்வீட்டு நடையைத் தாண்டவில்லை. மழை விட்டதும் பெரியம்மா வந்து பள்ளத்தை எட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ஒரு கீரைக்கட்டு வந்தது.

பராமரிப்பும் வேலைதான். மெல்லிய விரிசலை அன்றன்றே சிமெண்டுப் பாலால் அடைக்க வேண்டும். பாசிக்கு ஆசிட் ஊற்றக் கூடாது; அது சிமெண்டையே தின்றுவிடும். பிளீச்சிங் பவுடரும் தென்னந்துடைப்பமும் போதும். எண்ணெய் சிந்தினால் மரத்தூளைத் தூவிப் பெருக்கலாம். நான்கங்குலத் தளத்தின்மேல் தண்ணீர் லாரியை ஏற்றக் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை, ஆடி மாதத்தில், மழைப் பள்ளத்துச் சேற்றை வாரிவிட வேண்டும்.

நண்பர்களே! நம்மில் பலர் நாளை வேலைக்குப் போவோம், வீடு கட்டுவோம், வாசல் போடுவோம். அன்று கொத்தனாரிடம், ‘சதுர அடிக்கு என்ன கூலி?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘தண்ணீர் எங்கே போகும்?’ என்றும் கேளுங்கள். மனை நமக்குச் சொந்தமாக இருக்கலாம். அதில் விழுந்து ஓடும் மழை ஊருக்குச் சொந்தம். அதற்கு வழிவிடும் வாசலே நல்ல வாசல்!