பணம் கட்டி வாங்கும் விமானத் தள்ளுபடி அட்டை: தருமபுரிப் பயணிக்கு வேண்டாம் என்பதே எங்கள் நிலைப்பாடு

ஆண்டுச் சந்தா கட்டினால் ஒவ்வொரு டிக்கெட்டிலும் தள்ளுபடி என்று சொல்லி விற்கப்படும் அட்டைகள் பல உருவங்களில் வருகின்றன. விமான நிறுவனத்தின் பெயர் தாங்கிய கிரெடிட் கார்டு, பயண இணையதளத்தின் உறுப்பினர் திட்டம், முன்பணம் கட்டி வாங்கும் பாஸ் ஆகிய எல்லாமே இந்த வகைதான். இவற்றை வாங்கலாமா என்று பாலக்கோட்டிலிருந்தும் அரூரிலிருந்தும் பென்னாகரத்திலிருந்தும் கேட்பவர்களுக்கு எங்கள் அமைப்பின் பதில் இது: தருமபுரி மாவட்டத்தில் குடியிருந்துகொண்டு ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை விமானம் ஏறுபவருக்கு இந்த அட்டை நட்டம். அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

தள்ளுபடி எதன் மேல் கிடைக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். டிக்கெட்டின் கட்டண விவரத்தை விரித்துப் பார்த்தால் அடிப்படைக் கட்டணம், விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணம், பாதுகாப்புக் கட்டணம், 5 விழுக்காடு ஜிஎஸ்டி, இணையத்தில் பதிவு செய்வதற்கான வசதிக் கட்டணம் என்று வரிசையாக இருக்கும். ‘10 விழுக்காடு தள்ளுபடி’ என்பது பெரும்பாலும் இதில் முதலில் உள்ள அடிப்படைக் கட்டணத்துக்கு மட்டும்தான். ஓர் உதாரணக் கணக்குப் போடுவோம். அட்டையின் விலை 1,500 ரூபாய், 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்தால் 1,770. டிக்கெட் 3,000 ரூபாய், அதில் அடிப்படைக் கட்டணம் 2,200 என்றால், வரிக்குறைவையும் சேர்த்து ஒரு பயணத்தில் மிச்சமாவது சுமார் 230 ரூபாய். கட்டிய பணம் திரும்பி வர எட்டாவது பயணம் வரை, அதாவது நான்கு முறை போய்த் திரும்பும் வரை, காத்திருக்க வேண்டும். அந்த எட்டும் ஒரே நிறுவனத்தின் விமானமாக, ஓராண்டுக்குள், தள்ளுபடி செல்லும் நாட்களில் அமைய வேண்டும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்கு வருபவர் எத்தனை பேருக்கு இது பொருந்தும்?

நம் மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை என்பதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தேவனஹள்ளியில் உள்ள பெங்களூரு விமான நிலையம் தருமபுரியிலிருந்து ஏறத்தாழ 170 கிலோமீட்டர். டிராப் டாக்சிக்குக் கிலோமீட்டருக்கு 14 ரூபாய் என்று வைத்தாலே 2,380 ரூபாய் ஆகிறது. சுங்கக் கட்டணம் தனி. அட்டை மிச்சப்படுத்திய 230 ரூபாயைப்போலப் பத்து மடங்கு சாலையிலேயே போய்விடுகிறது. ஓசூர் வரை பேருந்து, அங்கிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி, அங்கிருந்து விமான நிலையத்துக்கு வாயு வஜ்ரா பேருந்து என்று மாறி மாறிப் போனால் காசு குறையும். ஆனால் விடியற்கால விமானத்துக்கு அந்த வழி உதவாது, நள்ளிரவிலேயே காரில் கிளம்ப வேண்டும். பெருநகரவாசியின் பயணச் செலவில் பெரும்பகுதி டிக்கெட்தான். நம்மவருக்கோ டிக்கெட் ஒரு பகுதி மட்டுமே. பெருநகரவாசியை மனதில் வைத்து வகுத்த சலுகை நம்மிடம் வந்து சேரும்போது பாதியாகிவிடுகிறது.

சேலம் இருக்கிறதே என்பார்கள். உண்மைதான். தொப்பூர் கணவாய் இறங்கினால் ஓமலூர் அருகே அந்த விமான நிலையம் இருக்கும் காமலாபுரம் வந்துவிடும். ஆனால் அந்த ஓடுபாதையின் வரலாற்றைத் தெரிந்துகொண்டு ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும். நிலையம் திறந்தது 1993இல். கிங்ஃபிஷர் சில காலம் பறந்து நிறுத்தியது. பிறகு பல ஆண்டுகள் பயணிகள் விமானமே இல்லை. சிறு நகரங்களுக்கு விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் 2018 மார்ச்சில் ட்ரூஜெட் சென்னைக்குப் பறக்கத் தொடங்கியது; 2021இல் அதுவும் நின்றது. மறுபடி விமானம் வந்தது 2023 அக்டோபரில், அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் தொடங்கிய சேவைகளால். உடான் திட்டத்தில் விமான நிறுவனத்துக்குத் தரப்படும் இழப்பீட்டு நிதி பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குத்தான். 2023 அக்டோபரிலிருந்து எண்ணினால் அந்த மூன்று ஆண்டு 2026 அக்டோபரோடு முடிகிறது. அரசின் உதவி நின்றதும் தடமே நின்றுபோன அனுபவம் நாடெங்கும் உண்டு. விமானம் நின்றால் நம் கையில் இருக்கும் அட்டைக்கு என்ன மதிப்பு?

தடம் நிற்பது ஒருபுறம், நிறுவனமே நின்றுபோவது இன்னொரு புறம். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று நின்றது. 2024 நவம்பரில் அதைக் கலைத்துவிட உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் பறப்பதை நிறுத்தியது. இப்படிப்பட்ட திவால் நடவடிக்கைகளில் முன்பணம் கட்டிய பயணிக்கு எந்த அடமானப் பாதுகாப்பும் கிடையாது. வங்கிகளுக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டும். நல்ல நிலையில் இருந்த விஸ்தாராகூட 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு இணைந்தது. அதன் பெயரில் ஆண்டுக் கட்டணம் வாங்கி வங்கிகள் தந்த கார்டுகளின் இலவச டிக்கெட் சலுகைகள் படிப்படியாக முடிவுக்கு வந்தன.

அடிக்கடி பறப்பவருக்கு இது லாபம்தானே என்ற மறுப்பில் நியாயம் இருக்கிறது. வேலை நிமித்தம் மாதாமாதம் பெங்களூரிலிருந்து ஒரே நகரத்துக்கு ஒரே நிறுவனத்தில் சொந்தக் காசில் பறப்பவருக்கு அட்டை பலன் தரும். அவர் கணக்குப் போட்டுப் பார்த்து வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் பயணிகளுக்கு உண்மையிலேயே லாபம் தரும் அட்டை நிலைப்பதில்லை என்பதையும் அவர் கவனிக்க வேண்டும். ஐரோப்பாவின் ரயன்ஏர் 2025 மார்ச்சில் ஆண்டுக்கு 79 யூரோவுக்கு ‘பிரைம்’ என்ற உறுப்பினர் திட்டத்தைத் தொடங்கியது. சுமார் 55,000 பேர் சேர்ந்தார்கள். சந்தாவாக வந்தது 44 லட்சம் யூரோ, சலுகையாகப் போனது 60 லட்சம் யூரோவுக்கு மேல் என்று நிறுவனமே அறிவித்து, அதே ஆண்டு நவம்பரில் திட்டத்தை மூடியது. நிறுவனம் தொடர்ந்து நடத்தும் அட்டை எது என்றால், வாங்கியவர்களில் பலர் முழுதாகப் பயன்படுத்தாமல் விட்ட அட்டைதான். ஆண்டுக்கு இரண்டு முறை பறக்கும் நம்மவர்தான் அந்தப் பலரில் ஒருவர்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஊர்க்காரர்கள் முன்கூட்டியே பணம் கட்டி ஆதரவைக் காட்டினால் சேலம் சேவை நிலைக்கும் என்பது அது. சேலம் சேவை நிலைக்க வேண்டும் என்பதில் எங்களுக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தப் பாரம் யார் தலையில் விழுகிறது? உடான் நிதிக்காகப் பெரிய தடங்களில் பறக்கும் விமானங்களிடம் வசூலிக்கப்படும் தொகை கடைசியில் டிக்கெட் விலையில்தான் சேர்கிறது. இழப்பீட்டில் 20 விழுக்காடு மாநில அரசின் பங்கு, அது நம் வரிப்பணம். ஏற்கெனவே இரண்டு வழியில் கொடுத்துவிட்ட பயணியிடம் மூன்றாவது முறையும் கேட்பது முறையல்ல. தவிர, ஒரு தடத்தில் ஒரே நிறுவனம் மட்டும் பறக்கும்போது தள்ளுபடிக்கு அர்த்தம் குறைவு. நேரத்துக்கு நேரம் ஏறி இறங்கும் விலையை வைப்பதும் அவர்கள்தான், அதில் கழிப்பதும் அவர்கள்தான். 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானபோது மற்ற நிறுவனங்களின் கட்டணம் தாறுமாறாக எகிறியது. 500 கிலோமீட்டருக்குள் 7,500 ரூபாய் என்று தொடங்கி மத்திய அரசு உச்சவரம்பு விதிக்க வேண்டி வந்தது. ஒரே நிறுவனத்தின் அட்டையை நம்பியிருந்தவருக்கு அந்த வாரத்தில் அது எந்த வகையிலும் கைகொடுத்திருக்காது.

காசு கொடுக்காமலே கிடைப்பவை இருக்கின்றன. இண்டிகோவின் புளூசிப், ஏர் இந்தியாவின் மகாராஜா கிளப் இரண்டிலும் சேரக் கட்டணம் இல்லை. மாணவருக்குக் கூடுதலாக 10 கிலோ பெட்டி, மூத்த குடிமக்களுக்கும் படைவீரர்களுக்கும் தனிக் கட்டணம் என்ற சலுகைகளுக்கு அடையாளச் சான்று போதும். உடான் தடத்தில் குறிப்பிட்ட அளவு இருக்கைகளுக்குக் கட்டண உச்சவரம்பு உண்டு. முந்திப் பதிவு செய்தவருக்கு அது கிடைக்கும்.

ஆகவே விமான நிறுவனங்களிடமும் அரசிடமும் நாங்கள் கேட்பது இதைத்தான். எத்தனை பயணத்தில் சந்தா திரும்பும் என்பதை விற்கும்போதே தமிழில் எழுதிக் காட்டுங்கள். தடம் நின்றால் மீதிக் காலத்துக்கான பணத்தைக் கேட்காமலே திருப்பிக் கொடுங்கள். தமிழக அரசு சேலம் விமான நேரத்துக்கு இணங்க தருமபுரியிலிருந்து காமலாபுரத்துக்கு ஒரு பேருந்து விட வேண்டும். அந்த ஒரு பேருந்து நம் பயணிக்கு எந்த அட்டையையும்விட அதிகமாக மிச்சப்படுத்தும். ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் அமையும் என்று 2024 ஜூனில் சட்டப்பேரவையில் அறிவித்தார்கள். ஆனால் பெங்களூரு நிலையத்தின் ஒப்பந்தம் ஓசூரையும் உள்ளடக்கிய 150 கிலோமீட்டர் தொலைவுக்குள் புதிய நிலையத்துக்கு 2033 வரை தடை போடுகிறது. அதுவரை நம் வழி தேவனஹள்ளியும் காமலாபுரமும்தான்.

ஏற்கெனவே அட்டை வாங்கியும், சொன்ன சலுகை கிடைக்காதவர்கள் ரசீதையும் விளம்பரத்தின் படத்தையும் பத்திரமாக வைத்திருங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முதலில் புகார் பதியுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் தருமபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுங்கள். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேல் போகாதவரை அங்கே வழக்குக் கட்டணம் கிடையாது.