வாகையா, காஞ்சியா?

2006இல் வெளிவந்த 'வீ ஆர் மார்ஷல்' திரைப்படத்தை நம்மில் பலர் ஒரு வெற்றிக்கதையாகவே நினைவில் வைத்திருக்கிறோம். அப்படி நினைப்பவர்களைக் குறைகூற இயலாது. படம் அவ்வாறுதான் எடுக்கப்பட்டிருக்கிறது. அது காட்டும் 1971ஆம் ஆண்டுப் பருவத்தின் கணக்கோ, இரண்டு வெற்றி, எட்டுத் தோல்வி.

1970 நவம்பர் 14 இரவு. மேற்கு வர்ஜீனியாவின் ஹன்டிங்டன் நகரிலுள்ள மார்ஷல் பல்கலைக்கழக அணி (அமெரிக்கக் கால்பந்து, பெயரில்தான் கால், ஆடுவது பெரும்பாலும் கையால்) வட கரோலினாவில் 17-14 எனத் தோற்றுத் திரும்பிக்கொண்டிருந்தது. ஊரை நெருங்கிய விமானம் ஒரு குன்றில் மோதி எரிந்தது. அதிலிருந்த 75 பேரும் மாண்டனர். அவர்களில் ஆட்டக்காரர்கள் 37 பேர். தலைமைப் பயிற்சியாளர் ரிக் டோலியும் ஒருவர். அடையாளம் காண முடியாத ஆறு உடல்களை ஸ்பிரிங் ஹில் கல்லறையில் ஒருசேர அடக்கம் செய்தார்கள்.

முதலாண்டு மாணவர்கள் கல்லூரியின் முதன்மை அணியில் ஆடக்கூடாதென்பது அன்றைய விதி. அந்த விதியால்தான் அவ்வாண்டின் புதுமுகங்கள் விமானத்தில் ஏறவில்லை, பிழைத்தார்கள். அடுத்த ஆண்டு, ஆள் சேராத நிலையில், அதே விதியை மார்ஷலுக்காகத் தளர்த்த வேண்டியதாயிற்று. எந்தக் கதாசிரியரும் இப்படியொரு முரணைக் கற்பித்திருந்தால் நாம் நம்பியிருக்கமாட்டோம்.

புதிய பயிற்சியாளர் ஜாக் லெங்கியெல், ஒஹாயோவிலுள்ள ஊஸ்டர் என்னும் சிறு கல்லூரியிலிருந்து வந்தார். அவருக்குமுன் பொறுப்பேற்ற ஒருவர் சில நாட்களிலேயே விலகிவிட்டிருந்தார். அனுபவமற்ற பிள்ளைகளுக்கு ஏற்ற ஆட்டமுறையைக் கற்க, மேற்கு வர்ஜீனியாவின் பெரிய பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராயிருந்த பாபி பௌடனிடம் போய்க் கேட்டார். அவரும் ஒளிவுமறைவின்றிக் கொடுத்தார். முதல் ஆட்டத்தில் தோல்வி. செப்டம்பர் 25 அன்று, சொந்த ஊர் மைதானத்தில், கடைசி நொடியில் ரெஜி ஆலிவர் வீசிய பந்தை டெர்ரி கார்ட்னர் எல்லைக்குக் கொண்டுசேர்க்க, சேவியர் அணியை 15-13 என வென்றார்கள். படத்தின் உச்சம் இது.

அடுத்த ஆட்டத்தில் ஒஹாயோவின் மயாமி அணியிடம் 66-6 எனத் தோற்றார்கள். அதைக் காட்டும் பொறுமை திரைக்கு இல்லை.

இறந்தோரை எண்ணி எஞ்சியோர் புலம்பும் கையறுநிலையைத் தொல்காப்பியர் காஞ்சித் திணையில் வைத்தார். வெற்றிக்குரிய வாகையை வேறாக நிறுத்தினார். காஞ்சிப் பொருளை எடுத்துக்கொண்டு வாகை பாடியதே இப்படத்தின் பிழை என்பது நம் கருத்து. 1974 முடிய லெங்கியெல் கண்டது 9 வெற்றி, 33 தோல்வி. வெற்றிகள் தோல்விகளை விஞ்சிய ஒரு பருவம் மார்ஷலுக்கு 1984இல்தான் வாய்த்தது. எண்களை மட்டும் பார்ப்பவர் அவரைத் தோற்றவர் என்பார். படமோ ஒரே மாலையைக் காட்டி அவரை நாயகனாக்குகிறது. ஒவ்வொரு சனிக்கிழமையும் தோற்பதற்கென்றே பதினெட்டு வயதுப் பிள்ளைகளைத் திரட்டி நிறுத்திய அந்த நீண்ட, சலிப்பூட்டும் உழைப்பு இருவர் கண்ணுக்கும் தப்பிவிடுகிறது.

மாண்டவர்களின் பெயரால் அந்தப் பிள்ளைகளை ஆடவைத்தது முறைதானா என்ற கேள்வியும் இருக்கிறது. படம் அதை எழுப்பிவிட்டு, சேவியர் வெற்றியைக் கொண்டே விடையும் சொல்லிவிடுகிறது. கார்ட்னர் அன்று பந்தைத் தவறவிட்டிருந்தால் விடை மாறிவிடுமா?

துணைப் பயிற்சியாளர் ரெட் டாசன் அன்று ஆள்சேர்க்கும் பணிக்காகச் சாலைவழி சென்றதால் விமானத்தில் இல்லை. இறந்தவர்களில் பலரைப் பெற்றோரிடம் பேசி அணிக்கு அழைத்துவந்தவர் அவர்தான். 1971 பருவம் முழுக்க லெங்கியெலுக்குத் துணைநின்றார். அது முடிந்ததும் பயிற்சித் தொழிலையே விட்டுக் கட்டுமானத் தொழிலுக்குப் போய்விட்டார்.