மூட்டில்லா வளையம்!

கொல்லன் பட்டறையிலே வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதைப் பார்த்திருப்பாய், தம்பி! பட்டையை வளைத்து, இரு முனைகளையும் காய்ச்சி அடித்து ஒட்டுவார்கள். மாட்டு வண்டிக்கு அது போதும். இரயிலுக்குப் போதுமா? ஓடுகிற வேகத்திலே ஒட்டு விட்டுப்போனால், வண்டியும் கவிழும், உள்ளே இருப்போர் உயிரும் போகும்!

ஜெர்மன் நாட்டு எஸ்ஸன் நகரத்து ஆல்ஃபிரட் குரூப் 1852-53இல் இதற்கு விடை கண்டார். எஃகுப் பாளத்தின் நடுவே நீளவாக்கில் பிளந்து, ஆப்பு வைத்து விரித்து, வளையமாக உருட்டினார். ஒட்டு இல்லை, மூட்டு இல்லை! 1875இல் அவரது ஆலை ஏற்ற சின்னம் மூன்று வளையங்கள். பீரங்கி செய்து பேரெடுத்த ஆலையாயிற்றே, பீரங்கி வாய்களோ என்று எண்ணிவிடாதே. இரயில் சக்கரப் பட்டைகள்தாம் அவை!

இன்று முறை மாறியிருக்கிறது. செக்கச் சிவக்கக் காய்ச்சிய எஃகுத் துண்டை அழுத்தித் தட்டையாக்கி, நடுவிலே துளையிடுகிறார்கள். பார்த்தால் உளுந்து வடைதான்! அதன் சுவரை இரண்டு உருளைகளுக்கு இடையே நெருக்கிச் சுழற்றினால், சுவர் மெலிய மெலிய வட்டம் பெருகுகிறது. கூம்பு உருளைகள் உயரத்தை அடக்கி வைக்கின்றன. எஃகின் இழையோட்டம் வட்டத்தோடு வட்டமாகச் செல்வதாலே வலிவு கூடுகிறது. விமான எஞ்சினுக்கும் காற்றாலைக்கும் இவ்வகை வளையங்கள் போகின்றன. எவ்வளவு சூடு, எவ்வளவு அழுத்தம், எவ்வளவு வேகம் என்று ஆகன் நகரிலும் கேம்பிரிட்ஜிலும் ஆராய்ந்திருக்கிறார்கள்.

வளையம் உருண்டு வெளியே வந்ததும் ஆராய்ச்சி முடிந்தது என்று கணக்கை மூடுவோர் உண்டு. அவர்களை ஜெர்மனியின் எஷெடே ஊருக்கு அழைத்துச் செல்ல வேண்டும்! 1998 ஜூன் 3ஆம் நாள், மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் வந்த இரயில் அங்கே தடம் புரண்டது. 101 பேர் மாண்டனர். காரணம், ஒரு சக்கரத்தின் எஃகுப் பட்டை! பட்டைக்கும் சக்கரத்துக்கும் நடுவே ரப்பர்; ஒவ்வொரு சுற்றிலும் பட்டை சற்றே நசுங்கி நிமிர்ந்தது. தேய்ந்து மெலிந்த அந்தப் பட்டையின் உட்புறத்திலே, கண்ணுக்கு எட்டாத இடத்திலே, விரிசல் வளர்ந்தது. மூட்டு இல்லை, முறிவு வந்தது! அதற்குப் பிறகே அவ்வகைச் சக்கரங்களைக் கழற்றி, முழு எஃகுச் சக்கரங்களைப் பூட்டினார்கள்.

சோதனைக்குச் செலவு மிகுதி என்பார்கள். எஷெடேயிலே ஆன செலவு குறைவா? உருட்டும் ஆலைக்குப் பணம் ஒதுக்கும்போதே, உருண்ட வளையத்தை ஓட்டிப் பார்த்து, உடைத்துப் பார்க்கும் சோதனைக்கூடத்துக்கும் ஒதுக்கட்டும். முடிவுகளை இரும்புப் பெட்டியிலே பூட்டாமல் பணிமனைத் தொழிலாளியின் கையிலே கொடுக்கட்டும். அன்றாடம் அந்தச் சக்கரத்தின் அருகே குனிபவன் அவன்தானே!